ஊடுகதிரும் கூட்டுப்பொருள்களும்: தெரிதலும் மறைதலும்

மனித உடலுக்குள் வைக்கப்படும் ஒரு கருவி ஊடுகதிர்ப் படத்தில் தெரிய வேண்டுமா, தெரியாமலிருக்க வேண்டுமா? கேட்ட அளவில் இதற்கு விடை எளிதென்றே தோன்றும். தெரிவதுதானே நல்லது, தெரியாத ஒன்றை மருத்துவர் எங்ஙனம் கண்காணிப்பார் என்று நாம் எண்ணுவோம். ஆயினும் மருத்துவக் கருவிகளை உருவாக்குவோர் இக்கேள்விக்கு ஒற்றை விடை கூறுவதில்லை. சில கருவிகள் கதிருக்குப் புலப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த பொருள்களால் செய்யப்படுகின்றன. வேறு சில கருவிகளில், அவை புலப்பட்டே ஆக வேண்டும் என்பதற்காகக் கனத்த தனிமங்கள் தனியே சேர்க்கப்படுகின்றன. ஒரே கருவியின் ஒரு பகுதி மறையவும் மற்றொரு பகுதி தெரியவும் வேண்டும் என்று திட்டமிடுவதும் உண்டு.

உடலினுள் பொருத்தப்பட்டவை பெரும்பாலும் எஃகாகவும் பிற உலோகங்களாகவும் இருந்த காலத்தில் இக்கேள்வி இத்துணைச் சிக்கலாக இருந்ததில்லை. உலோகம் எப்படியும் படத்தில் தெரிந்துவிடும். பிளாஸ்டிக்குகளும் கார்பன் இழைகளும் கண்ணாடித் தூள்களும் கலந்த கூட்டுப்பொருள்கள் உலோகத்தின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. அத்துடன் படத்தை நாம் நம்பும் முறையும் மாற வேண்டியதாயிற்று. ஊடுகதிர்ப் படத்தில் ஒரு பொருள் காணப்படவில்லை என்பது, அப்பொருள் உடலில் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இவ்வுண்மை மருத்துவர்க்கு மட்டுமன்றி நோயாளிக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. அதன் காரணங்களையும் விளைவுகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

நிழலின் இலக்கணம்

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோண்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று இக்கதிர்களைக் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசம்பர் 22 அன்று தம் மனைவி அன்னா பெர்த்தாவின் கையை அவர் படமெடுத்தார். அப்படத்தில் சதை மங்கிய நிழலாகவும், எலும்புகள் அதனினும் அடர்ந்த நிழலாகவும், விரலிலிருந்த மோதிரம் எல்லாவற்றினும் அடர்ந்த நிழலாகவும் பதிந்தன. மெல்லிய சதை, இடைநிலையில் எலும்பு, முற்றிலும் மறிக்கும் உலோகம் என்னும் மூன்று படிகள் அந்த ஒரே படத்தில் அடங்கியிருந்தன. இன்று நாம் காணும் படங்களில் கருமையும் வெண்மையும் இடம் மாறி, எலும்பும் உலோகமும் வெண்மையாகத் தோன்றுகின்றன. எனினும் அடிப்படை மாறவில்லை.

ஊடுகதிர்ப் படம் உண்மையில் ஒரு நிழற்பதிவு. கதிர் எங்கே தடுக்கப்பட்டதோ அங்கே பொருள் 'தெரிகிறது'. எங்கே தடையின்றிக் கடந்ததோ அங்கே அது மறைந்துவிடுகிறது. காட்சிக்கும் தடைக்கும் உள்ள இத்தொடர்பு அறிவியல் வரலாற்றில் பழமையானது. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில், ஒரு பொருள் கண்ணுக்குப் புலனாக வேண்டிய நிபந்தனைகளை வரிசைப்படுத்தினார். ஒளி வேண்டும், தொலைவு வேண்டும், இடையிலுள்ள ஊடகம் தெளிவாக இருக்க வேண்டும் என்பவற்றோடு, காணப்படும் பொருளுக்கு ஓரளவேனும் ஒளியைத் தடுக்கும் அடர்த்தி இருக்க வேண்டும் என்பதையும் அவர் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தார். முற்றிலும் ஊடுருவத்தக்க பொருள் கண்ணுக்குத் தெரியாது. அவர் பேசியது கண்ணுக்குரிய ஒளியைப் பற்றி. ஊடுகதிர் அவருக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தது. ஆயினும் அந்நிபந்தனை இங்கும் அப்படியே பொருந்துகிறது.

வேறுபாடு என்னவெனில், கண்ணுக்கு எது தடையோ அது கதிருக்கும் தடையாக இருக்க வேண்டியதில்லை. கார்பன் இழைத் தகடு கரிய நிறமுடையது. கண்ணொளி அதனுள் நுழையாது. கதிரோ அதனை எளிதில் கடந்துவிடும். கண்ணாடி கண்ணுக்குத் தெளிந்தது. ஆனால் உடலில் குத்திய கண்ணாடிச் சில்லு, ஈயம் கலக்காத சாதாரணக் கண்ணாடியே ஆயினும், மிகச் சிறியதாக இல்லாத வரை பெரும்பாலும் படத்தில் தெரிந்துவிடும். வைரமும் போலி வைரமும் நல்ல எடுத்துக்காட்டு. வைரம் தூய கார்பன் ஆதலால் கதிர் அதனை எளிதில் கடக்கிறது. கண்ணாடியால் செய்த போலிக்கல்லோ அடர்ந்த நிழலைத் தருகிறது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டைக் கதிர் பிரித்துக் காட்டுகிறது.

இதன் மூலகாரணம் அணுவில் உள்ளது. மருத்துவப் படமெடுப்பில் ஏறத்தாழ 40 முதல் 120 கிலோவோல்ட் வரையிலான மின்னழுத்தத்தில் கதிர்கள் உண்டாக்கப்படுகின்றன. இந்த ஆற்றலில் கதிர், பொருளின் அணுவிலுள்ள உள்வட்ட எலெக்ட்ரான்களால் விழுங்கப்படுகிறது. ஒளிமின் உட்கவர்தல் எனப்படும் இந்நிகழ்வின் வலிமை அணு எண்ணின் மூன்றாம் படியை ஏறத்தாழ ஒட்டி உயர்கிறது. கார்பனின் அணு எண் 6, ஆக்சிஜனின் எண் 8, எலும்பிலுள்ள கால்சியத்தின் எண் 20. எளிய கணக்கின்படி ஒரே எடையளவுள்ள கார்பனைவிடக் கால்சியம் இவ்வழியில் ஏறத்தாழ 37 மடங்கு கதிரை விழுங்கும். அணு எண் 56 கொண்ட பேரியம் ஏறத்தாழ 800 மடங்கு விழுங்கும். கதிர் சிதறடிக்கப்படும் மற்றொரு நிகழ்வும் உண்டு. அது அணு எண்ணை அவ்வளவாகச் சார்ந்ததன்று. ஆற்றல் கூடக்கூட விழுங்குதல் விரைந்து குறையும். சிதறலின் பங்கு மிகும். அதனால் உயர் மின்னழுத்தத்தில் எடுக்கும் படங்களில் இவ்வேறுபாடுகள் சற்று மங்கும். இருப்பினும் எது தெரியும், எது தெரியாது என்பதைத் தீர்மானிப்பவை முதன்மையாக மூன்று: அணு எண், அடர்த்தி, தடிமன்.

எலும்பே ஒரு கூட்டுப்பொருள்

தனித்தனி இயல்புடைய இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களை, அவை ஒன்றிலொன்று கரைந்துவிடாமல் இணைத்து, தனியே எதனிடமும் இல்லாத பண்பைப் பெறுவதே கூட்டுப்பொருளின் தத்துவம். வைக்கோல் கலந்து குழைத்த மண்சுவரும், இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டும் இவ்வினத்தைச் சார்ந்தவையே. மருத்துவத்தில் பயன்படுபவற்றில் பெரும்பாலும் ஒரு பாலிமர் பிணைப்பானாகவும், அதனுள் இழையோ தூளோ வலுவூட்டியாகவும் அமைகின்றன.

இயற்கையிலும் இவ்வமைப்பு உண்டு. நம் எலும்பு, கொலாஜன் என்னும் புரத இழைகளும் கால்சியம் பாஸ்பேட் வகையைச் சார்ந்த நுண்படிகங்களும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளே. புரதம் வளைவதற்குரிய தன்மையையும், கனிமம் இறுக்கத்தையும் தருகின்றன. ஊடுகதிர்ப் படத்தில் எலும்பு தெரிவது அதன் கனிமத்தால். புரதப் பகுதி கதிருக்கு ஏறத்தாழச் சதையைப் போன்றதே. எலும்பில் கனிமம் குறைந்தால் அது படத்தில் மங்குவதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஒரு கூட்டுப்பொருளின் வலிமைக்குக் காரணமான கூறும், அதனைப் படத்தில் தெரியச் செய்யும் கூறும் வெவ்வேறாக இருக்கலாம். மனிதன் செய்யும் கூட்டுப்பொருள்களில் இவ்விரண்டையும் தனித்தனியே ஆள முடிகிறது. பின்வரும் செய்திகள் யாவும் இந்த அடிப்படையில் எழுந்தவை.

மறைதலால் விளையும் நன்மை

மறைவது நன்மையாகும் இடங்களை முதலில் நோக்குவோம். படமெடுக்கும் மேசையின் பலகையே முதல் எடுத்துக்காட்டு. நோயாளி அதன்மீது படுக்க, கதிர் அவர் உடலைக் கடந்து, பலகையையும் கடந்து, கீழேயுள்ள உணர்கருவியை அடைகிறது. உடலைக் கடந்து வந்த கதிரைப் பலகை விழுங்கிவிட்டால், நோயாளி ஏற்ற கதிர்வீச்சின் ஒரு பகுதி எவ்விதப் பயனுமின்றி வீணாகும். அதனை ஈடுசெய்யக் கதிரின் அளவைக் கூட்டவேண்டி வரும். கார்பன் இழையை எபாக்சிப் பிசினுடன் பிணைத்த மென்தகடுகளை இருபுறமும் வைத்து, நடுவில் இலேசான நுரைப்பொருளை நிரப்பிச் செய்யும் பலகை, நோயாளியின் எடையை வளையாமல் தாங்குகிறது. கதிரையோ மிகக் குறைவாகவே தடுக்கிறது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.9 கிராம். கார்பன் இழைக் கூட்டுப்பொருளின் அடர்த்தி ஏறத்தாழ 1.6 கிராம். அதன் உட்கூறுகளும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகிய இலேசான அணுக்களே. வலிமையும் ஊடுருவத்தக்க தன்மையும் ஒருங்கே அமைவது உலோகத்தில் அரிது.

முறிந்த எலும்பை வெளியிலிருந்து நிலைநிறுத்தும் சட்டங்களிலும் இதே காரணத்தால் கார்பன் இழைத் தண்டுகளும் வளையங்களும் இடம்பெற்றுள்ளன. எஃகு வளையம் முறிவுக்கு நேரே நின்றால், எலும்பு கூடியதா இல்லையா என்பதை அறியவே வழியிருக்காது.

உடலின் உள்ளே பொருத்தப்படுவனவற்றில் முதுகெலும்பு அறுவை குறிப்பிடத்தக்கது. இரு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சிதைந்த வட்டை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் கூண்டு போன்ற ஒரு சிறு பொருளை வைத்து, அதனுள் எலும்புத் துகள்களை நிரப்புவர். காலப்போக்கில் அத்துகள்கள் வளர்ந்து இரு முள்ளெலும்புகளையும் இணைத்துவிட வேண்டும். டைட்டேனியக் கூண்டு வலிமையானது. ஆனால் அதன் நிழல், உள்ளே எலும்பு வளர்கிறதா என்பதை மறைத்துவிடும். 'பீக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலிமரும், அதனுடன் கார்பன் இழை சேர்ந்த கூட்டுப்பொருளும் கதிருக்கு வழிவிடுவதால் எலும்பின் வளர்ச்சியை நேரே காண முடிகிறது.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. எலும்பின் புறப்பகுதியின் மீள்விறைப்பு ஏறத்தாழ 15 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டேனியக் கலவையினுடையது ஏறத்தாழ 110. எஃகினுடையது ஏறத்தாழ 200. மிக விறைத்த உலோகம் உடலின் சுமையைத் தானே தாங்கிக்கொள்ள, சுமையிழந்த எலும்பு மெலிந்துபோகும். வலுவூட்டாத 'பீக்'கின் விறைப்பு ஏறத்தாழ 4 கிகாபாஸ்கல் மட்டுமே. அதனுடன் எடையில் 30 விழுக்காடு குறுகிய கார்பன் இழை சேர்த்தால் அது ஏறத்தாழ எலும்பின் அளவை எட்டுகிறது.

புற்றுநோயாளரிடம் இந்நன்மை இன்னும் மிகுதி. முதுகெலும்பிலோ தொடையெலும்பிலோ கட்டி அகற்றப்பட்டு, உலோகத் தண்டும் திருகும் பொருத்தப்பட்ட பின், சி.டி. படத்தில் உலோகத்தைச் சுற்றிக் கீற்றுகளாகப் பிழைநிழல்கள் தோன்றும். கட்டி மீண்டும் தலைதூக்குவதை அவை மறைக்கக்கூடும். கதிர்மருத்துவம் அளிப்போர்க்கும் இடர் உண்டு. உலோகம் கதிரைத் தடுத்தும் சிதறடித்தும் விடுவதால், எந்தத் திசுவுக்கு எவ்வளவு கதிர் சென்றது எனக் கணக்கிடுவது கடினமாகிறது. கார்பன் இழை சேர்ந்த 'பீக்' கருவிகள் இவ்விடரைப் பெருமளவு குறைக்கின்றன. கட்டி திரும்பிவிட்டதா என்று அஞ்சி நிற்கும் நோயாளிக்குத் தெளிவான ஒரு படம் எத்துணை மதிப்புடையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மறைதலால் விளையும் தீங்கு

இதே இயல்பு வேறோர் இடத்தில் தீங்காக மாறுகிறது. கட்டுப்பற்கள் இதற்கு நாம் அன்றாடம் காணும் எடுத்துக்காட்டு. அவற்றின் அடித்தளம் பெரும்பாலும் அக்ரிலிக் எனப்படும் பாலிமரால் ஆனது. ஒன்றிரண்டு பற்களை மட்டும் கொண்ட சிறிய கட்டுப்பல் தளர்ந்திருக்கும்போது, உணவோடும் உறக்கத்திலும் அது தொண்டைக்குள் இறங்கிவிடுவதுண்டு. அதில் உலோகக் கொக்கி இருந்தால் படத்தில் அக்கொக்கியேனும் தெரியும். கொக்கியில்லாத அக்ரிலிக் துண்டு, கதிருக்குச் சதையைப் போன்றதே ஆதலால் சாதாரணப் படத்தில் தென்படாமல் போகலாம். படம் தெளிவாக இருக்கிறது என்று கூறி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், உணவுக்குழாயில் சிக்கிய துண்டு அதன் சுவரை அரித்துத் துளைக்கும் ஆபத்து உண்டு. இத்தகையோர்க்கு விழுங்குவதில் வலியோ தடையோ இருப்பின், படத்தில் ஏதும் இல்லையெனினும் அகநோக்கிக் குழாய் கொண்டு பார்ப்பதே தக்க வழி. சி.டி. படமும் பெருமளவு துணைசெய்யும்.

இரத்த நாளங்களில் செலுத்தப்படும் மெல்லிய குழாய்கள் மற்றோர் எடுத்துக்காட்டு. கழுத்து அல்லது மார்பின் பெருநாளம் வழியாக இதயத்தை நோக்கிச் செலுத்தப்படும் குழாயின் முனை உரிய இடத்தில் நிற்கிறதா என்பதை மார்புப் படத்தால் உறுதிசெய்வது வழக்கம். அரிதாகக் குழாய் முறிந்து, அதன் துண்டு இரத்த ஓட்டத்தில் இதயத்துக்கோ நுரையீரல் நாளத்துக்கோ சென்றுவிடும். குழாயின் பொருள் கதிருக்குப் புலப்படாததாயின் அத்துண்டைத் தேடுவது இருட்டில் ஊசியைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

அறுவை அரங்கில் இரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணிகளும் இவ்வாறே. வெறும் பருத்தித் துணி வயிற்றினுள் தவறித் தங்கிவிட்டால் படத்தில் அது தெரியாது. ஆகவே அத்துணிகளில் பேரியம் சல்பேட் கலந்த ஓர் இழை சேர்த்து நெய்யப்படுகிறது. அறுவை முடிவில் எண்ணிக்கை குறைந்தால் உடனே படமெடுத்து, நெளிந்த அந்த இழையைத் தேடுகின்றனர். இதன் பொருட்டே, இழையில்லாத கட்டுத்துணிகளை அறுவையின்போது உடற்குழிக்குள் பயன்படுத்தலாகாது என்றும், இழையுள்ள துணிகளைப் புறப்புண் கட்டப் பயன்படுத்தலாகாது என்றும் நெறி வகுக்கப்பட்டுள்ளது. முன்னது மீறப்பட்டால் உள்ளே இருப்பது தெரியாது. பின்னது மீறப்பட்டால் வெளியே கட்டியிருப்பது உள்ளே இருப்பதாகத் தோன்றி வீணான அச்சத்தை விளைவிக்கும்.

பல் நிரப்பும் பொருள்களின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. பாதரசம் கலந்த உலோக நிரப்பு, படத்தில் பளிச்சென்று தெரியும். அமெரிக்கரான ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பிசினின் வழியாகப் பல்நிறக் கூட்டுப்பொருள்கள் பரவின. தொடக்ககால வகைகளில் நிரப்பியாகச் சேர்க்கப்பட்ட குவார்ட்ஸ் தூளால் படத்தில் போதிய நிழல் எழவில்லை. சொத்தைப் பல்லும் படத்தில் கருமையாகவே தோன்றும். நிரப்பும் கருமை, சொத்தையும் கருமை என்றால் நிரப்பின் அடியில் புதிய சொத்தை பிடித்திருக்கிறதா என்பதை எங்ஙனம் அறிவது? இக்குறையை நீக்கவே பின்னர் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் அடங்கிய கண்ணாடித் தூள்களும், இட்டெர்பியம் புளோரைடும் நிரப்பிகளாகச் சேர்க்கப்பட்டன.

தெரியச் செய்யும் வழிகள்

புலப்படாத பொருளைப் புலப்படச் செய்ய இரண்டு வழிகள் உள்ளன. பொருள் முழுவதிலும் கனத்த தனிமத்தின் தூளைக் கலந்துவிடுவது ஒன்று. பொருளை அப்படியே விட்டு, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் உலோக அடையாளங்களைப் பதிப்பது மற்றொன்று.

முதல் வழியில் மிகப் பழையதும் மலிவானதும் பேரியம் சல்பேட். இரைப்பை, குடல் சோதனைக்காக வெள்ளைக் குழம்பாகக் குடிக்கத் தரப்படுவதும் இதுவே. நீரில் கரையும் பேரிய உப்புகள் கொடிய நஞ்சு. சல்பேட் கரையாததாகையால் தீங்கின்றி உடலைக் கடந்துபோகிறது. அடுத்து பிஸ்மத்தின் சேர்மங்கள். பிஸ்மத்தின் அணு எண் 83. அணு எண் 82 கொண்ட ஈயத்திற்கு அது அடுத்த தனிமம். எனினும் ஈயத்தின் நச்சுத்தன்மை அதற்கில்லை. மூன்றாவது, அணு எண் 74 கொண்ட டங்ஸ்டன் தூள். குழாய்கள் செய்யும் பாலிமரில் பேரியம் சல்பேட்டை எடையில் 20 முதல் 40 விழுக்காடு வரை கலப்பது வழக்கம்.

எடையைக் கொண்டு கூறும் இவ்வளவு நம்மை மயக்கக்கூடும். பொருளின் வலிமையைக் கெடுப்பது தூளின் எடையன்று. அது அடைத்துக்கொள்ளும் இடமே. பேரியம் சல்பேட்டின் அடர்த்தி 4.5. பாலியூரித்தேனின் அடர்த்தி ஏறத்தாழ 1.1. எனவே எடையில் 40 விழுக்காடு பேரியம் சல்பேட் கலந்தால், பருமனில் அது ஏறத்தாழ 14 விழுக்காடு இடத்தைப் பிடிக்கும். அதே எடை டங்ஸ்டனைக் கலந்தால், அதன் அடர்த்தி 19.3 ஆதலால், அது பருமனில் 4 விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தையே பிடிக்கும். மிக மெல்லிய சுவருள்ள குழாய்களில் டங்ஸ்டனும் பிஸ்மத்தும் விரும்பப்படுவதற்கு இதுவே காரணம். தூள் மிகுந்தால் குழாய் விறைத்து, எளிதில் முறியும். அதன் மேற்பரப்பும் சொரசொரப்பாகும். முறிந்தால் கண்டுபிடிப்பதற்காகச் சேர்த்த தூளே முறிவுக்கு வழிகோலிவிடக்கூடாது. ஆதலின் போதுமான அளவு எது என்பதைத் தீர்மானிப்பது நுட்பமான செயல்.

எலும்புச் சிமெண்ட் இச்சிக்கலுக்கு நல்ல சான்று. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1960களில் நிலைநாட்டிய இடுப்பு மூட்டு மாற்று அறுவையில், உலோகத் தண்டைத் தொடையெலும்பில் இறுக்கி நிறுத்த அக்ரிலிக் சிமெண்ட் பயன்பட்டது. சிமெண்ட் தானாகப் படத்தில் தெரியாது. அதில் விரிசலோ தளர்ச்சியோ ஏற்பட்டதை அறிய வேண்டுமாதலால், எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு பேரியம் சல்பேட்டையோ, அதனினும் சற்று மிகுந்த அளவில் சிர்கோனியம் டையாக்சைடையோ சேர்ப்பது நிலைத்த வழக்கமாயிற்று. ஆனால் இத்துகள்கள் பாலிமருடன் வேதிமுறையில் பிணைவதில்லை. அவை கட்டியாகத் திரண்ட இடத்திலிருந்து விரிசல் தொடங்கக்கூடும். சிமெண்ட் உதிர்ந்து மூட்டின் பரப்புகளுக்கு இடையே சேர்ந்தால் இக்கடினத் துகள்கள் பரப்பைத் தேய்க்கும். தெரிவதற்குக் கொடுக்கும் விலை இது.

இரண்டாம் வழிக்கும் சார்ன்லியின் மூட்டிலேயே சான்று உண்டு. அதன் கிண்ணம் பாலிஎதிலீனால் ஆனது, படத்தில் தெரியாது. ஆகவே அதன் புறத்தே வளைந்த ஒரு கம்பி பதிக்கப்பட்டது. கிண்ணம் எந்நிலையில் உள்ளது என்பதையும், ஆண்டுகள் செல்லச்செல்ல உலோகத் தலை கம்பியை எவ்வளவு நெருங்கியுள்ளது என்பதைக் கொண்டு கிண்ணம் எவ்வளவு தேய்ந்தது என்பதையும் மருத்துவர் அளந்தறிய முடிந்தது. முன்னர்க் கூறிய 'பீக்' கூண்டுகளிலும் இவ்வாறே டாண்டலம் என்னும் உலோகத்தின் சிறு ஊசிகளோ குண்டுகளோ ஓரங்களில் பதிக்கப்படுகின்றன. டாண்டலத்தின் அணு எண் 73. கூண்டின் உடல் மறைந்து எலும்பைக் காட்ட, ஓரப்புள்ளிகள் தெரிந்து கூண்டின் நிலையைக் காட்டுகின்றன. கார்பன் இழைத் திருகுகளில் மெல்லிய டைட்டேனியப் பூச்சு இட்டு, அறுவையின்போது அதன் கோட்டுருவம் மட்டும் தெரியச் செய்வதும் இவ்வகையே.

இதய நாளங்களுக்கென உருவாக்கப்பட்ட, உடலில் கரையும் சட்டகம் இவ்வழியின் எல்லையைக் காட்டியது. 'அப்சார்ப்' என்னும் பெயருடன் 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது, கரையும் பாலிமரால் ஆனது. அதன் இரு முனைகளிலும் இருந்த சிறு பிளாட்டினப் புள்ளிகளைக் கொண்டே மருத்துவர் அது நிற்கும் இடத்தை அறிந்தனர். உலோகச் சட்டகத்தோடு ஒப்பிடுகையில் இரத்தக் கட்டி உண்டாகும் இடர் மிகுதியென ஆய்வுகளில் தெரியவந்த நிலையில், 2017இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. எவருடலில் அது வைக்கப்பட்டதோ, அவர் உடலில் சட்டகம் கரைந்து மறைந்த பின்னும் அப்புள்ளிகள் தங்கியிருக்கும். புள்ளிகள் தெரிகின்றன என்பது சட்டகம் இருக்கிறது என்பதற்குச் சான்றன்று. மறைதல் மட்டுமன்றித் தெரிதலும் பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லலாம் என்பதை இது உணர்த்துகிறது.

வரலாறு தரும் எச்சரிக்கை

தெளிவாகத் தெரிய வேண்டும் என்னும் ஒன்றையே நோக்காகக் கொண்டு பிறவற்றை மறந்ததால் விளைந்த கேட்டை மருத்துவ உலகம் ஒருமுறை கண்டுள்ளது. அணு எண் 90 கொண்ட தோரியத்தின் ஆக்சைடைக் கூழ்மமாக்கி, 'தோரோட்ராஸ்ட்' என்னும் பெயரில் 1930கள் முதல் 1950கள் வரை இரத்த நாளங்களில் செலுத்திப் படமெடுத்தனர். படங்கள் மிகத் தெளிவாக அமைந்தன. உடனடித் தீங்கும் தென்படவில்லை. ஆனால் தோரியம் கதிரியக்கமுடையது. அது கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கி, வாழ்நாள் முழுதும் ஆல்ஃபா கதிர்களை வெளியிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து அந்நோயாளர் பலரிடம் கல்லீரல் புற்று தோன்றியது.

இன்றைய டங்ஸ்டனும் ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று. இரத்த நாளங்களை அடைப்பதற்கு வைக்கப்பட்ட டங்ஸ்டன் கம்பிச் சுருள்கள் உடலில் மெல்ல அரிக்கப்பட்டு, இரத்தத்தில் அத்தனிமத்தின் அளவு உயர்ந்தமை கண்டறியப்பட்டுள்ளது. நிழலைத் தரும் பொருள் உடலில் எத்தனை ஆண்டு தங்கும், எவ்வாறு மாறும் என்னும் கேள்வி, அது எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்னும் கேள்விக்கு இணையானது.

அளவிடும் முறை

'தெரியும்', 'தெரியாது' என்பன வெறும் சொற்களாக நின்றுவிடாமலிருக்க அளவுகோல் வேண்டும். அலுமினியமே இதற்குரிய பொதுவான அளவுகோல். படிப்படியாகத் தடிமன் கூடும் அலுமினியத் துண்டு ஒன்றைச் சோதனைப் பொருளின் அருகில் வைத்து இரண்டையும் ஒரே படத்தில் எடுப்பர். பொருளின் நிழல் எத்தனை மில்லிமீட்டர் அலுமினியத்தின் நிழலுக்கு ஒப்பானது எனக் கணிப்பர். 1 மில்லிமீட்டர் பற்திசு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கும், பல்லின் மேற்பூச்சான எனாமல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கும் ஒப்பாகும். கதிருக்குப் புலப்படுவது என உரிமை கோரும் பல் நிரப்புப் பொருள், அதே தடிமனுள்ள அலுமினியத்துக்குக் குறையாத நிழலைத் தரவேண்டும் என்பது பன்னாட்டுத் தர நெறியான ஐ.எஸ்.ஓ. 4049இன் நிபந்தனை. ஏனைய கருவிகளுக்கு அமெரிக்கத் தர அமைப்பின் எஃப் 640 என்னும் சோதனை நெறி பயன்படுகிறது.

ஆயினும் ஆய்வகத்தில் தனியே எடுத்த படத்தில் தெரியும் குழாய், பருத்த உடலுடையவரின் வயிற்றில் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள திசுவின் தடிமனும், எலும்பு குறுக்கிடுவதும், கதிர் சிதறலும், மின்னழுத்தமும் யாவும் நிழலின் தெளிவைக் குறைக்கும். ஆகவே உடலுக்கு ஒப்பான மாதிரிப் பொருளின் பின்னணியில் வைத்துச் சோதிப்பதே பொருத்தம். புலப்படுதல் என்பது ஒரு பொருளுக்கு மட்டும் உரிய பண்பன்று. பொருள், உடல், கதிர் ஆகிய மூன்றும் கூடிய விளைவு.

நாம் கொள்ள வேண்டுவன

இவ்வளவும் வல்லுநர்க்குரிய செய்திகள் என்று ஒதுக்கிவிட முடியாது. முதியோர் உள்ள இல்லம்தோறும் கட்டுப்பல் உண்டு. மூட்டு மாற்று அறுவையும் இதய நாளச் சிகிச்சையும் இன்று அரியவை அல்ல. உடலில் என்ன பொருள் வைக்கப்பட்டுள்ளது என்பதை நோயாளி அறிந்திருப்பது, பின்னாளில் அவரைப் பார்க்கும் மருத்துவர்க்குப் பெருந்துணையாகும். பொருத்திய கருவியின் பெயர், வகை, நாள் ஆகியவை அடங்கிய அட்டையைக் கேட்டுப் பெற்று, மருத்துவச் சீட்டுகளோடு பாதுகாத்தல் வேண்டும். தளர்ந்த கட்டுப்பல்லைக் காலத்தே சரிசெய்ய வேண்டும். கழற்றி வைக்கத்தக்கதை உறங்குமுன் கழற்றி வைத்தல் நன்று. அது காணாமற்போய்த் தொண்டையில் வலியும் தோன்றினால், அது அக்ரிலிக்கால் ஆனது என்பதையும், உலோகக் கொக்கி இல்லையாயின் அதனையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காலில் மரச்சிராயோ முள்ளோ ஏறியிருப்பின் சாதாரணப் படம் அதனைக் காட்டாமல் போகலாம். ஒலியலைப் படம் காட்டக்கூடும். என்ன குத்தியது என்பதைத் தெளிவாகக் கூறினால் மருத்துவர் தக்க முறையைத் தேர்வார்.

ஊடுகதிர் உடலின் உண்மை முழுவதையும் காட்டுவதில்லை. தன்னைத் தடுத்தவற்றை மட்டுமே அது காட்டுகிறது. தடுக்காதவற்றைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. அதன் மௌனத்தை 'ஒன்றுமில்லை' என்னும் விடையாக நாம் கொண்டுவிடலாகாது. படத்தைப் படிக்கும் மருத்துவரின் அறிவோடு, நோயாளி தன் உடலைப் பற்றிக் கூறும் சொல்லும் சேரும்போதே அப்படம் முழுமை பெறுகிறது.